அத்தியாயம் 6: பழைய எண், புதிய எண் – கிளவுடில் கெஸ்ட் கணினிக்கு நெட்வொர்க் அமைத்தல்

சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டைத் தேடிப் போனவர்களுக்கு இது பழக்கம். வாசலில் இரண்டு எண்கள் இருக்கும்: பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. பழைய எண்ணை மட்டும் கையில் வைத்திருக்கும் கூரியர்காரர் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டுப் போன் செய்வார். எண்ணைக் கொடுப்பது மாநகராட்சி. வீட்டுக்காரர் தமக்குப் பிடித்த எண்ணைச் சுவரில் எழுதிக்கொண்டால் அது முகவரி ஆகிவிடாது. தபால் பக்கத்து வீட்டுக்குப் போகும், அல்லது திரும்பிப் போகும்.

கிளவுடில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கும் விதி இதுதான். அந்த மெஷினுக்குள் ஓடும் விண்டோஸையோ லினக்ஸையோ கெஸ்ட் என்கிறோம். அதைத் தாங்கி நிற்கும் உண்மையான இயந்திரம் ஹோஸ்ட். கெஸ்ட்டின் ஐபி முகவரியைத் தீர்மானிப்பது ஹோஸ்ட் பக்கத்து நெட்வொர்க். அதன் பதிவேட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு வரும் பாக்கெட்தான் உள்ளே வரும். இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியின் விரிவு: முகவரியை வெளியே பதியுங்கள், கெஸ்ட்டை அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

நம் பயிற்சி அலுவலகம்

டி.டி.கே. சாலை, எல்டாம்ஸ் சாலை, செயின்ட் மேரீஸ் சாலை ஆகியவற்றின் கிளைத் தெருக்களில் ஆடிட்டர் அலுவலகங்களும் கிளினிக்குகளும் நிறைய. அப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம். நேற்றுவரை மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வரும் ஒரு யுபிஎஸ்ஸும் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் தரைத்தளத்தில் சர்வர் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த நகரத்துக்குக் காட்டிவிட்டன. இப்போது இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு மாறுகிறார்கள்: டேலிக்கு ஒரு விண்டோஸ் கெஸ்ட், கோப்புகளுக்கும் பேக்கப்புக்கும் ஓர் உபுண்டு கெஸ்ட்.

எந்த ஊரில் வைப்பது? மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்தியப் பகுதி 2015 முதல் சென்னையிலேயே இருக்கிறது. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும் உள்ளன. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே போய்வர 10 மில்லிவிநாடியாவது ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி பார்க்க இது போதும். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருந்தால், அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிகள் சொல்கின்றன. எனவே சிங்கப்பூர் விலை குறைவாகத் தெரிந்தாலும் கணக்கு வைக்கும் மெஷினை இந்தியாவிலேயே வையுங்கள்.

படி 1: முகவரி வரிசையைத் தேர்ந்தெடுத்தல்

ஐபி முகவரியில் இரண்டு பாகங்கள் உண்டு. ஆழ்வார்பேட்டை என்றால் பின்கோடு 600018; அதற்குள் கதவு எண். அதேபோல் 10.44.1.20/24 என்ற முகவரியில் 10.44.1 என்பது சப்நெட், 20 என்பது கெஸ்ட்டின் கதவு எண். /24 என்பது முதல் 24 பிட்கள் பின்கோடு போன்றவை என்ற குறிப்பு.

தனி நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட வரிசைகள் மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றுக்குள் எதையும் எடுக்கலாம். ஆனால் எடுக்கக் கூடாதவை சில உண்டு.

• 192.168.0.0/24, 192.168.1.0/24: பிராட்பேண்ட் ரூட்டர்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றோடுதான் வருகின்றன. கிளவுடிலும் அதையே வைத்தால், பின்னால் அலுவலகத்தையும் கிளவுடையும் இணைக்க விபிஎன் போடும்போது அலுவலகத்துப் பிரின்டரும் கிளவுட் சர்வரும் ஒரே முகவரியில் மோதும்.
• 172.17.0.0/16: டாக்கர் தானாக எடுத்துக்கொள்ளும் வரிசை.
• 192.168.122.0/24: லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் நிறுவினால் லிப்வர்ட் தானாக எடுத்துக்கொள்ளும் வரிசை.

யாரும் தொடாத ஒன்றை எடுங்கள். நம் அலுவலகத்துக்கு 10.44.0.0/16 முழு நெட்வொர்க், அதில் 10.44.1.0/24 சர்வர்களின் சப்நெட். /24இல் 256 முகவரிகள் இருந்தாலும் அமேசானிலும் அஷூரிலும் உங்களுக்குக் கிடைப்பவை 251. முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் கிளவுட் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. அதனால் 10.44.1.1, 10.44.1.2, 10.44.1.3 ஆகியவற்றை எந்த கெஸ்ட்டுக்கும் கொடுக்க முயலாதீர்கள். வழக்கமாக .1 என்பது கேட்வே, அதாவது சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்.

படி 2: வெளியே செய்ய வேண்டியவை

இனி கிளவுடின் நிர்வாகப் பக்கத்தில், கெஸ்ட்டுக்குள் நுழையாமலேயே செய்யும் வேலைகள்.

முதலில் தனி முகவரி. கெஸ்ட்டின் நெட்வொர்க் கார்டைத் திறந்து, ஒதுக்கீட்டு முறையை நிலையானது என்று மாற்றி, விண்டோஸுக்கு 10.44.1.20, உபுண்டுவுக்கு 10.44.1.21 என்று பதியுங்கள். இனி எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும் கெஸ்ட் முகவரியைக் கேட்டு வாங்கும் டிஎச்சிபி வழியாக அதே முகவரி வரும். உள்ளே கையால் எதையும் அடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பொது முகவரி. வெளியுலகம் பார்க்கும் முகவரி இது. கெஸ்ட்டுக்குள் போய்த் தேடினால் இது தெரியாது. கிளவுடே வாசலில் நின்று பொது முகவரியைத் தனி முகவரியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் பொது முகவரியை கெஸ்ட்டின் கார்டில் அடித்துவிடுகிறார்கள். அந்த நொடியே தொடர்பு அறும். பொது முகவரியையும் நிலையானதாகவே வாங்குங்கள். இல்லாவிட்டால் நிறுத்தித் தொடங்கும்போது மாறிவிடும்.

கடைசியாக வாசல் காவல். செக்யூரிட்டி குரூப் என்பது எந்த போர்ட்டில் யார் வரலாம் என்ற பட்டியல். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, லினக்ஸின் எஸ்எஸ்எச்சுக்கு 22. இந்த இரண்டையும் 0.0.0.0/0 என்று, அதாவது உலகம் முழுவதற்கும், ஒரு நிமிடம்கூடத் திறக்காதீர்கள். பொது முகவரிகளை ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அலுவலகத்துக்கு உங்கள் இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி வாங்கி, அந்த ஒன்றுக்கு மட்டும் திறங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்த வழி உதவாது. பல வீட்டு இணைப்புகள் 100.64.0.0/10 என்ற பங்கீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கின்றன. பல வீடுகள் ஒரே பொது முகவரியில் வெளியே வரும், அதுவும் மாறிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு விபிஎன் போடுங்கள்.

படி 3: இரண்டாவது வாசல்

கெஸ்ட்டுக்குள் நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன் சீரியல் கன்சோல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் முழுவதும் அறுந்தாலும் கிளவுட் பக்கத்திலிருந்து கெஸ்ட்டின் திரைக்குப் போகும் வழி இது. அதற்குக் கடவுச்சொல் உள்ள ஒரு கணக்கு உள்ளே இருக்க வேண்டும். சாவிக்கோப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கூடவே டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஜூலை மாதக் கடைசி வாரம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடி. ஆழ்வார்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, விண்டோஸ் கெஸ்ட்டின் கார்டில் முகவரியைக் கையால் அடித்தேன். 20 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 200. சரி என்று அழுத்தியதும் திரை உறைந்தது. கன்சோலை இயக்கி வைத்திருக்கவில்லை. மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு மெஷினில் மாட்டிச் சரிசெய்து திரும்பப் போடும்போது விடிந்துவிட்டது. காலையில் வந்தவர்கள் வழக்கம்போல வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் அந்த இரவு தேவையே இல்லாதது. அன்று முதல், கன்சோலில் ஒரு முறை உள்ளே போய் வராமல் எந்த நெட்வொர்க் அமைப்பையும் நான் மாற்றுவதில்லை.

படி 4: லினக்ஸ் கெஸ்ட்டுக்குள்

உள்ளே போனதும் மூன்றைப் பாருங்கள். ‘ஐபி அட்ர்’ கட்டளை முகவரியைக் காட்டும், 10.44.1.21/24 தெரிய வேண்டும். ‘ஐபி ரூட்’ கட்டளையில் டீஃபால்ட் என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், அது 10.44.1.1ஐக் காட்ட வேண்டும். ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ பெயரை எண்ணாக மாற்ற கெஸ்ட் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது என்று சொல்லும்.

கார்டின் பெயர் ஈத் 0 என்று இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். இன்றைய லினக்ஸ், கார்டு மாட்டிய இடத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறது. பழைய மெஷினின் அமைப்புக் கோப்பை அப்படியே கொண்டுவந்து போட்டால், இல்லாத கார்டுக்கு முகவரி எழுதியதாக ஆகும்.

உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பு நெட்பிளான் கோப்புறையில் இருக்கிறது. கிளவுட் இமேஜில் அந்தக் கோப்பைக் கிளவுட்-இனிட் என்ற நிரல் எழுதுகிறது. மெஷின் எழும்போது ஹோஸ்ட் பக்கத்தைக் கேட்டு, கார்டுக்கு என்ன வேண்டும் என்று அறிந்து, கோப்பைத் தயாரிப்பது அதன் வேலை. அந்தக் கோப்பில் நீங்கள் கையால் சேர்த்தது நிலைக்காது என்ற எச்சரிக்கை அதன் தலைப்பிலேயே இருக்கும். எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் தனிக் கோப்பாக, வரிசையில் பின்னால் வரும் பெயரில் எழுதுங்கள். டேப் விசையைத் தொடாதீர்கள்; இடைவெளி மட்டும். எழுதி முடித்ததும் ‘நெட்பிளான் அப்ளை’ வேண்டாம், ‘நெட்பிளான் டிரை’ கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும். தொடர்பு அறுந்தவரால் என்டர் தட்ட முடியாது. அதனால் கெஸ்ட் தானே மீண்டுவரும்.

படி 5: விண்டோஸ் கெஸ்ட்டுக்குள்

‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு ‘/ஆல்’ சேர்த்துக் கொடுங்கள். டிஎச்சிபி இயங்குகிறது, முகவரி 10.44.1.20 என்று இருந்தால் கைவைக்க ஒன்றுமில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கெஸ்ட் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

கார்டே தெரியவில்லையா? கேவிஎம் வழியில் ஓடும் கிளவுடுக்கு உங்கள் சொந்த விண்டோஸ் டிஸ்க்கைக் கொண்டுபோனால் இது நடக்கும். அங்கே கார்டு பெரும்பாலும் விர்ட்ஐஓ வகை. அதற்கான டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. பழைய சர்வரை நிறுத்துவதற்கு முன்பே டிரைவரை நிறுவி, பிறகு டிஸ்க்கை நகர்த்துங்கள்.

அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இன்னொன்று. பழைய சர்வரில் முகவரியைக் கையால் அடித்து வைத்திருப்பார்கள். கிளவுடுக்கு வந்ததும் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி மாறும். விண்டோஸ் அதைப் புதுக் கார்டாக எடுத்துக்கொண்டு ‘ஈதர்நெட் 2’ என்று பெயர் வைக்கும். பழைய கார்டு கண்ணுக்குத் தெரியாமல் விண்டோஸின் சொந்தப் பதிவேட்டில் பழைய எண்ணோடு உட்கார்ந்திருக்கும். ஒரே வாசலில் இரண்டு எண்கள். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை நீக்குங்கள். புதிய கார்டை டிஎச்சிபியில் விடுங்கள்.

கெஸ்ட்டுக்கு இரண்டு கார்டுகள் இருந்தால் கேட்வே ஒன்றுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டுக்கும் கொடுத்தால் ஒரு வாசலில் வந்த கேள்விக்கு இன்னொரு வாசல் வழியாகப் பதில் போகும். கிளவுட் அதைத் தடுத்துவிடும்.

படி 6: பெயரும் நேரமும்

டிஎன்எஸ் சர்வராகக் கிளவுட் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். அஷூரில் அது 168.63.129.16. கிளவுட் தன் கெஸ்ட்டோடு பேசவும் அதே முகவரியைப் பயன்படுத்துகிறது. 169.254.169.254 மெஷினைப் பற்றிய தகவலைத் தரும் முகவரி. அமேசான், அஷூர், கூகுள் மூன்றிலும் இதே எண். கெஸ்ட்டின் ஃபயர்வாலை இறுக்கும்போது இவற்றை மூடிவிட்டால் கிளவுட்-இனிட் தவிக்கும்.

நேரத்தையும் நெட்வொர்க் அமைப்பிலேயே சேர்த்துப் பாருங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்கள் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வரோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்கவும் சொல்கிறது. நேர சர்வரோடு பேச யூடிபி 123 வெளியே போகத் திறந்திருக்க வேண்டும். யாரோ உள்ளே புகுந்த நாளில் இரண்டு கெஸ்ட்களின் கடிகாரங்கள் ஆறு நிமிடம் வேறுபட்டால், என்ன நடந்தது என்ற கதையை யாராலும் கோக்க முடியாது.

படி 7: பாக்கெட்டின் அளவு

உள்நுழைவு சரியாக நடக்கிறது, சிறு கோப்பு போகிறது, பெரிய பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. இந்த அறிகுறி கண்டால் எம்டியூவைப் பாருங்கள். ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லை அது. வழக்கமான அளவு 1500 பைட். கூகுள் கிளவுடில் தொடக்க அளவு 1460. விஎக்ஸ்லேன் என்ற உறை போர்த்திய தனியார் கிளவுடில் அந்த உறைக்கே 50 பைட் போய்விடுவதால் 1450தான் மிஞ்சும். விபிஎன் போட்டால் இன்னும் குறையும்.

சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்பின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். போகவில்லையென்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். எந்த அளவில் போகிறதோ அதோடு 28ஐக் கூட்டினால் வருவது உங்கள் பாதைக்குப் பாதுகாப்பான எம்டியூ. கெஸ்ட்டின் கார்டில் அதை எழுதுங்கள்.

படி 8: நகல் எடுக்கும் முன்

நன்றாக அமைத்த கெஸ்ட்டை நகல் எடுத்து இன்னொன்று செய்ய ஆசை வரும். லினக்ஸில் முதலில் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு கெஸ்ட்களும் ஒரே அடையாளத்தோடு டிஎச்சிபி கேட்டு, ஒரே முகவரிக்கு மோதலாம். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழித்து, ‘கிளவுட்-இனிட் கிளீன்’ கொடுங்கள். விண்டோஸில் சிஸ்பிரெப் ஓட்டுங்கள்.

தொடர்பு கிடைக்காவிட்டால்

வெளியிலிருந்து உள்ளே, இந்த வரிசையில் பாருங்கள். தாவாதீர்கள்.

1. மெஷின் ஓடுகிறதா? கன்சோலில் உள்நுழைவுத் திரை தெரிகிறதா?
2. பொது முகவரி மாறிவிட்டதா?
3. உங்கள் இப்போதைய முகவரிக்கு செக்யூரிட்டி குரூப் திறந்திருக்கிறதா? இணைய நிறுவனம் உங்கள் ஐபியை மாற்றியிருக்கலாம்.
4. கன்சோல் வழியாக உள்ளே போங்கள். கெஸ்ட் காட்டும் முகவரியும் கிளவுட் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றா?
5. டீஃபால்ட் ரூட் ஒன்றுதானா?
6. கெஸ்ட்டின் சொந்த ஃபயர்வால் மறிக்கிறதா?
7. எண்ணால் போகிறது, பெயரால் போகவில்லை என்றால் டிஎன்எஸ்.

கேட்வேயை மட்டும் பிங் செய்து முடிவுக்கு வராதீர்கள். அஷூர் போன்ற கிளவுடுகளில் கேட்வே பிங்குக்குப் பதில் சொல்லாது. மௌனம் அங்கே இயல்பு.

ஒரு விதிவிலக்கு

உங்கள் அலுவலகத்திலேயே ஒரு ஹோஸ்ட் வாங்கி, பிரிட்ஜ் போட்டு கெஸ்ட்களை ஓட்டினால் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே கெஸ்ட்டுக்குள் நிலையான முகவரி அடிக்கலாம். ஆனால் ரூட்டரின் டிஎச்சிபி வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும். ஒரே கார்டுக்குப் பல தனி முகவரிகள் தேவைப்படும்போது பெரிய கிளவுடுகளிலும் கூடுதல் முகவரிகளை உள்ளே எழுத வேண்டிவரும். அப்போதும் முதலில் வெளியே பதிந்துவிட்டு, அதே எண்ணை எழுத்துப் பிசகாமல் உள்ளே எழுதுங்கள்.

முடிக்கும் முன்

ஒரு தாள் எடுங்கள். கெஸ்ட்டின் பெயர், தனி முகவரி, பொது முகவரி, சப்நெட், கேட்வே, திறந்திருக்கும் போர்ட்கள், ஒவ்வொன்றும் யாருக்காகத் திறக்கப்பட்டது, கன்சோல் கணக்கு யாரிடம் இருக்கிறது: எட்டு விவரங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். மாற்றம் செய்த தேதியை ஓரத்தில் குறியுங்கள். பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, படிக்கும்படி விட்டு, பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகும் இளைஞருக்கோ பெண்ணுக்கோ, ஒரு நள்ளிரவில், இந்த நூலைவிட அந்தத் தாள் அதிகம் உதவும். இன்று அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன் அதை எழுதி வையுங்கள்.